போர் தண்ணீரையும் பஞ்சாயத்துத் தண்ணீரையும் ஒரே தொட்டியில் கலக்காதீர்கள்

கேள்வி:

கல்யாணமாகி நான் வந்தது குமரி மாவட்டத்தில் ராஜாக்கமங்கலம் பக்கம். வீட்டிலிருந்து கடல் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. ஐந்து பேர் இருக்கிறோம். போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரும், ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மணி நேரம் வரும் பஞ்சாயத்துத் தண்ணீரும் (சுமார் 600 லிட்டர் கிடைக்கும்) ஒரே தரைத்தொட்டியில் விழுந்து, மோட்டார் வழியாக மாடி டேங்குக்குப் போகின்றன. குழாய், ஷவர், கண்ணாடி எல்லாவற்றிலும் வெள்ளைப் படிவு. இரண்டு வருடத்தில் கீசர் காயில் (சூடாக்கும் சுருள்) இரண்டு முறை போய்விட்டது. பயறு வேக மாட்டேன் என்கிறது. சாயாவின் மேல் ஆடை மாதிரி ஏதோ மிதக்கிறது. இதைக் குடித்தால் கிட்னியில் கல் வரும் என்று மாமியார் பயப்படுகிறார். ஒரு கம்பெனி ஆள் வந்து பேனா மாதிரி ஒரு கருவியை முக்கினார். போர் தண்ணீரில் 1150, பஞ்சாயத்துக் குழாயில் 90 என்று காட்டியது. பிறகு போர் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு கரண்ட் கொடுத்ததும் தண்ணீர் செங்கல் நிறத்தில் கலங்கிவிட்டது. வீடு முழுவதற்கும் ஆர்ஓ (தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் கருவி) வைக்கச் சொல்கிறார். இன்னொருவர் பைப்பில் காந்தம் மாட்டினால் போதும் என்கிறார். குலசேகரத்தில் அம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரிலோ சோப்பு நுரை போகவே போகாது. ஆனால் வாஷ்பேசினில் பச்சையும் நீலமுமாகக் கறை, ஜிஐ பைப்பில் ஓட்டை. இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி மெஷின் வாங்கிவிடலாம் என்கிறார் அண்ணன். எதை வாங்குவது? எங்கள் போர் தண்ணீரின் லேப் ரிப்போர்ட் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

இப்போதைக்கு எந்த மெஷினும் வாங்காதீர்கள். உங்கள் வீட்டு வாசல் வரை நல்ல தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கிறது. தரைத்தொட்டியில் உப்புத் தண்ணீரோடு சேர்ந்து அது வீணாகிறது. இரண்டையும் பிரிப்பதுதான் முதல் வேலை. அதற்கு 500 லிட்டர் டேங்க் ஒன்று, கொஞ்சம் பைப், பிளம்பருக்கு ஒன்றிரண்டு நாள் கூலி போதும். பிரித்த பிறகும் மிஞ்சுகிற தொல்லைக்கு மட்டும் கருவி தேடலாம். அம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் இதற்கு நேர் எதிரான குணம் கொண்டது. அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கம்பிச் சோதனை. அதைப் பார்த்துத்தான் வீட்டில் எல்லோரும் பயந்திருப்பீர்கள். கருவியில் இருப்பவை ஒரு இரும்புக் கம்பி, ஒரு அலுமினியக் கம்பி. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து துருவாகும். நீங்கள் பார்த்த செங்கல் நிறம் அந்தக் கம்பியின் இரும்பு. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் பாயாது, அதனால் கலங்காது. அந்த ஆர்ஓ தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை கல்லுப்பைப் போட்டு மறுபடி கம்பியை விடச் சொல்லுங்கள், அதுவும் கலங்கும். தண்ணீர் அழுக்கா சுத்தமா என்பதை இந்தச் சோதனை சொல்லவே சொல்லாது.

பேனா காட்டிய 1150 மட்டும் நம்பத்தக்கது. ஆனால் அது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தம், அதாவது டிடிஎஸ். அதில் எவ்வளவு சாதாரண உப்பு, எவ்வளவு சுண்ணாம்பு (கால்சியம்), எவ்வளவு மெக்னீசியம் என்று பேனாவுக்குத் தெரியாது. படிவு கட்டுவது சுண்ணாம்பும் மெக்னீசியமும்தான். அதைத்தான் கடினத்தன்மை என்று தனியாக அளக்கிறார்கள். நீங்கள் லேபில் கொடுத்தது மிகச் சரியான காரியம்.

உங்கள் ரிப்போர்ட்டில் போர் தண்ணீரின் அளவுகள் இவை: பிஹெச் (புளிப்புத்தன்மையைக் காட்டும் எண்) 7.6, மொத்தக் கடினத்தன்மை 420, கால்சியம் 96, மெக்னீசியம் 44, குளோரைடு 380, காரத்தன்மை 260, நைட்ரேட் 18, இரும்பு 0.2. பிஹெச் தவிர மற்றவை லிட்டருக்கு மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500. அதன்படி கடினத்தன்மை 200 வரை ஏற்கத்தக்கது; வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. குளோரைடுக்கு இந்த இரண்டு வரம்பும் 250, 1000. டிடிஎஸ்ஸுக்கு 500, 2000. ஆக உங்கள் போர் தண்ணீர் விஷமும் அல்ல, நல்ல தண்ணீரும் அல்ல. நைட்ரேட் 45-ஐத் தாண்டினால் எந்தச் சலுகையும் கிடையாது. குறிப்பாகக் கைக்குழந்தைக்கு ஆகாது. உங்களுக்கு 18தான், கவலை இல்லை.

இந்த ரிப்போர்ட்டில் யாரும் பார்க்காமல் விடுகிற ஒரு கணக்கு உண்டு. காரத்தன்மை 260 என்பது தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டின் அளவு. கொதித்தால் படியக்கூடிய கடினத்தன்மை அந்த 260 வரைதான். மீதி 160 குளோரைடோடும் சல்பேட்டோடும் சேர்ந்து நிற்கிறது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. கீசருக்குள் படிவதும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒட்டுவதும் முதல் பங்கு. குழாயிலும் கண்ணாடியிலும் சொட்டு காய்ந்த இடத்தில் இரண்டு பங்கும் சேர்ந்து படிகின்றன. அதனால்தான் அந்தக் கறையை நாக்கில் வைத்தால் கொஞ்சம் உப்பும் கரிக்கும். குளோரைடு 380 இருப்பது கடல் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். அதற்கும் வருகிறேன்.

பஞ்சாயத்துக் குழாயில் பேனா காட்டியது 90. கரைந்திருப்பதன் மொத்தமே அவ்வளவுதான் என்றால் கடினத்தன்மை 100-ஐத் தாண்ட வழியில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்கிற மழை, கரையாத கருங்கல் பாறைமேல் ஓடி ஆற்றில் சேர்ந்து வருகிறது; எடுத்துக்கொள்ள அதற்கு உப்பு கிடைப்பதில்லை. 600 லிட்டர் இரண்டு நாளைக்கு என்றால் ஒரு நாளைக்கு 300. கடினத்தன்மை கெடுதல் செய்யும் இடங்கள் வீட்டில் மூன்றே மூன்று: அடுப்படி, வாஷிங் மெஷின், கீசர். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் 50 லிட்டர், ஒரு முறை துணி போட 60 முதல் 100 லிட்டர், வெந்நீருக்கு 100 லிட்டர் என்று வைத்தாலும் 250-க்குள் அடங்கிவிடும். கக்கூஸ், தரை கழுவ, வண்டி கழுவ, செடிக்கு, பச்சைத் தண்ணீர்க் குளியலுக்கு போர் தண்ணீர் இருக்கட்டும்.

பிரிக்கும் முறை இது. போர் மோட்டாரின் டெலிவரி பைப்பை இனி தரைத்தொட்டியில் விடாமல் நேராக இப்போதுள்ள மாடி டேங்குக்கு ஏற்றுங்கள். சப்மெர்சிபிள் மோட்டார் என்றால் பெரும்பாலும் அந்த உயரத்துக்குத் தாராளமாகத் தள்ளும். ஆனாலும் மோட்டாரின் பலகையில் எழுதியிருக்கும் ஹெட் அளவையும் (எவ்வளவு உயரம் தள்ளும் என்பது), போருக்குள் தண்ணீர் நிற்கும் ஆழத்தோடு மாடி டேங்கின் உயரத்தையும் கூட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். தரைத்தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவிவிட்டு அதைப் பஞ்சாயத்துத் தண்ணீருக்கு மட்டும் ஒதுக்குங்கள். மாடியில் புதிதாக 500 லிட்டர் டேங்க் ஒன்றை வையுங்கள். தரைத்தொட்டி மோட்டார் இனி அந்தப் புது டேங்குக்கு மட்டும் ஏற்றும். அங்கிருந்து ஒரு தனி லைன் இறங்கி அடுப்படி, வாஷிங் மெஷின், கீசர் மூன்றுக்கும் போக வேண்டும். வெந்நீர் ஓடும் பாகம் முழுவதும் சிபிவிசி பைப்பாக இருக்கட்டும். சாதாரண பிவிசி சூட்டில் வளைந்துவிடும். மாடியிலிருந்து இறங்கும் பைப்பை ஒரு இஞ்ச் அளவில் போடுங்கள். தண்ணீரின் அழுத்தம் 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார்தான். ஒற்றை மாடி வீட்டில் கிடைப்பது அரை பாருக்கும் குறைவு. பல தானியங்கி வாஷிங் மெஷின்களுக்கு அது விளிம்பு அளவு. டேங்கை முடிந்தவரை உயரமான பீடத்தில் ஏற்றுவது நல்லது.

பிளம்பர்கள் வழக்கமாகத் தவறுவது மூன்று இடங்களில். நீங்கள் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டியவையும் இவைதான்.

ஒன்று, 'தண்ணீர் வராத நாளில் உதவும்' என்று இரண்டு லைனுக்கும் நடுவில் ஒரு வால்வு போட்டு இணைப்பார்கள். அந்த வால்வு ஒருநாள் கசியும், அல்லது யாராவது திறந்துவிட்டு மறந்துபோவார்கள். பிறகு எல்லாம் பழைய கதை. அவசரத்துக்கு போர் தண்ணீர் வேண்டுமென்றால் ஹோஸ் வைத்து ஊற்றிக்கொள்ளலாம். நிரந்தர இணைப்பு கூடாது.

இரண்டாவது குளியலறை மிக்சர். வெந்நீர்ப் பக்கம் பஞ்சாயத்துத் தண்ணீரும், பச்சைத் தண்ணீர்ப் பக்கம் போர் தண்ணீரும் வந்து மிக்சருக்குள் சந்திக்கும். கைஷவரின் முனையில் அடைத்துவிட்டு மிக்சரின் இரண்டு கைப்பிடிகளையும் திறந்தே விட்டால், அழுத்தம் அதிகமுள்ள பக்கத்துத் தண்ணீர் மற்ற லைனுக்குள் ஏறிவிடும். போர் தண்ணீர் இப்படித்தான் கீசருக்குள் புகும், அடுப்படி வரைக்கும்கூடப் போகும். மிக்சருக்கு வரும் இரண்டு லைனிலும் தனித்தனியே நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத வால்வு) போடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பஞ்சாயத்துக் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சக் கூடாது. சட்டப்படி தவறு என்பது ஒருபுறம். தெருக் குழாயில் அழுத்தம் குறையும்போது, மண்ணுக்குள் விரிசல் விட்ட இடங்கள் வழியாகச் சாக்கடைத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அது உங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே போகும். தரைத்தொட்டியில் தண்ணீர் விழும் குழாயின் வாய், தொட்டியின் நிரம்பும் மட்டத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும்.

தொட்டியையும் புது டேங்கையும் புழங்கத் தொடங்குமுன் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுங்கள். நல்ல பவுடரில் குளோரின் 33 சதவீதம் இருக்கும். 500 லிட்டருக்கு 75 கிராம் கணக்கு. வாளியில் கரைத்து, கசடு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் நிரம்பிய தொட்டியில் ஊற்றி, ஆறு மணி நேரம் விட்டு, எல்லாக் குழாய்களையும் திறந்து வெளியேற்றுங்கள். திறந்து வைத்து ஈரம் பட்ட பழைய பவுடருக்கு வீரியம் இருக்காது. நம் கடற்கரைக் காற்றில் அது வேகமாகவே கெடும். சின்னப் பொட்டலமாக வாங்குவதுதான் சரி.

குடிப்பதற்கு? டிடிஎஸ் 90 உள்ள தண்ணீருக்கு ஆர்ஓ தேவையே இல்லை. டிடிஎஸ் 500-க்குக் கீழ் உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது இதனால்தான். நல்ல தண்ணீரிலிருந்து தேவையான உப்பையும் எடுத்துவிட்டு, ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுகிற வேலை அது. குழாய்த் தண்ணீரில் பயப்பட வேண்டியது கிருமியைத்தான். கலங்கல் இல்லாத தண்ணீரைத் தளதளவெனக் கொதித்தபின் ஒரு நிமிடம் விட்டு ஆறவைத்தால் போதும். வசதி வேண்டுமென்றால் யூவி விளக்குள்ள சாதாரண பில்டர் வாங்கலாம். மழைக்காலத்தில் தண்ணீர் கலங்கி வந்தால் யூவி ஒளி கிருமியை எட்டாது. முதலில் தெளியவைத்து வடிகட்டுங்கள்.

வீடு முழுவதற்கும் ஆர்ஓ என்பதை நான் கடுமையாகவே மறுக்கிறேன். காரணம் செலவு மட்டும் அல்ல. ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு 600, 700 லிட்டர் சுத்தமான தண்ணீர் எடுக்க, போரிலிருந்து அதுபோல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இறைக்க வேண்டும். கடற்கரையில் நிலத்தடி நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல்தான் மிதக்கிறது. பொதுவான கணக்கு இது: கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 மீட்டர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும். திருப்பிப் பாருங்கள்: இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஒரே ஒரு மீட்டர் இறக்கினால், அடியில் உப்புத் தண்ணீர் 40 மீட்டர் மேலே ஏறும். இன்று 380 இருக்கும் குளோரைடு சில கோடைகளில் 1000-ஐத் தொட்டுவிடலாம். பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்து கெடும். போரில் தண்ணீர் குறைந்தால் இன்னும் ஆழப்படுத்தச் சொல்வார்கள். கடலுக்கு இவ்வளவு அருகில் ஆழப்படுத்துவது உப்பைத் தேடிப் போவது. மோட்டாரை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் ஓட்டாமல், இருபது இருபது நிமிடமாக இடைவெளி விட்டு ஓட்டுங்கள். மாடியில் விழும் மழையை வடிகட்டி போரைச் சுற்றியோ கிணற்றிலோ இறக்குங்கள். 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 800 லிட்டர் கிடைக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் நம்முடையது. அதை ஓடையில் விடுவது மனதுக்கு ஒப்பவில்லை.

காந்தத்தைப் பற்றி: அதை மாட்டுமுன்னும் மாட்டியபின்னும் அதே தண்ணீரைக் கடினத்தன்மைச் சோதனைக்குக் கொடுங்கள். எண் மாறாது. விற்பவர்களும் 'கடினத்தன்மை குறையாது, படிவு மட்டும் ஒட்டாது' என்றுதான் சொல்வார்கள். வீட்டில் நம்பி வைக்கும் அளவுக்கு அது உறுதியாக வேலை செய்வதில்லை.

சாஃப்ட்னர் (கடினத்தன்மையை எடுக்கும் கருவி) வேறு சங்கதி, அது உண்மையிலேயே வேலை செய்யும். பிரித்த பின்னும் பஞ்சாயத்துத் தண்ணீர் போதவில்லை, அல்லது தலைக்குக் குளிக்க போர் தண்ணீர் ஆகவில்லை என்றால் மட்டும் அதை யோசியுங்கள். உள்ளே இருக்கும் ரெசின் மணிகள் சுண்ணாம்பையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். ஒரு லிட்டர் ரெசின் ஏறத்தாழ 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். குளியலுக்கு மட்டும் தினம் 300 லிட்டர் என்றால் 300 லிட்டர் × 420 மில்லிகிராம் = 126 கிராம். 25 லிட்டர் ரெசின் உள்ள கருவி 1250 கிராம் பிடிக்கும். பத்து நாளுக்கு ஒரு முறை ரெசினைப் புதுப்பிக்க உப்பு ஏற்ற வேண்டும். அதற்கு லிட்டர் ரெசினுக்கு 150 கிராம் வீதம் மூன்றே முக்கால் கிலோ அயோடின் சேர்க்காத கல்லுப்பு. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டாமல் 'மாதம் ஒரு முறை உப்பு போட்டால் போதும்' என்று விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

சாஃப்ட்னர் போட்டாலும் பேனாவில் 1150 அப்படியே இருக்கும். உப்புச் சுவையும் போகாது. 100 மில்லிகிராம் கடினத்தன்மை போனால் 46 மில்லிகிராம் சோடியம் சேரும் என்பதால், ரத்த அழுத்தக்காரர்கள் உள்ள வீட்டில் அதைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்கக் கூடாது. செடிக்கும் ஆகாது. உப்பு ஏற்றும்போது வெளியேறும் கழிவுநீரைத் தென்னை மூட்டிலோ கிணற்றடியிலோ விடாதீர்கள்.

இனி கீசர். இரண்டு காயில் போனதன் காரணம் எளிது. படிவு காயிலைச் சுற்றி மேலுறை போல மூடிக்கொள்ளும். சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் காயிலுக்குள்ளேயே ஏறி உறை வெடிக்கும். தெர்மோஸ்டாட்டை 60-க்கு மேல் வைப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். 50 முதல் 55 டிகிரியில் வையுங்கள். உள்தொட்டி ஸ்டீல் என்றால், சூடான குளோரைடுத் தண்ணீர் அதில் ஊசித்துளை போடும். அடுத்த முறை வாங்கும்போது உள்ளே கண்ணாடிப் பூச்சும் மெக்னீசியத் தண்டும் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தண்டு தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்றே வைத்தது. வருடம் ஒரு முறை பார்த்து, பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

இப்போது உள்ளே இருக்கும் படிவை எடுக்க: மெயின் பெட்டியில் கீசரின் எம்சிபியை அணையுங்கள், சுவர் ஸ்விட்ச் மட்டும் போதாது. தண்ணீர் ஆறியபின் உள்வரும் வால்வை அடைத்து, வெந்நீர்க் குழாயைத் திறந்து, உள்வரும் பைப்பைக் கழற்றித் தண்ணீரை வடியுங்கள். அடித்தட்டின் நட்டுகளைக் கழற்றினால் காயிலும் தண்டும் சேர்ந்து வெளியே வரும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட், அதாவது மளிகைக் கடை எலுமிச்சை உப்பு, கரைத்து ஒரு மணி நேரம் காயில் மட்டும் மூழ்கும்படி வையுங்கள். ஒயர் மாட்டும் முனைகள் நனையக் கூடாது. மெக்னீசியத் தண்டைக் கழற்றி வைத்துவிடுங்கள், அமிலம் அதைத் தின்றுவிடும். மிச்சத்தை மரக்குச்சியால் தட்டி எடுங்கள். கத்தியால் சுரண்டினால் காயில் உறையில் கீறல் விழும். ரப்பர் வாஷரைப் புதிதாக மாற்றுங்கள். மாட்டிய பின் வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வரும்வரை நிரப்பிவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். காலி கீசரில் கரண்ட் போட்டால் காயில் உடனே கருகும். எர்த் சரியாக இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்காமல் இந்த வேலையை முடிக்க வேண்டாம்.

குழாய், ஷவர் படிவுக்கும் அதே எலுமிச்சை உப்புதான்: அரை லிட்டருக்கு 25 கிராம். துணியை நனைத்துக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விடுங்கள். ஷவர் தலையைப் பாலித்தீன் பையில் கரைசல் ஊற்றிக் கட்டித் தொங்கவிடலாம். மார்பிள், மொசைக் தரையில் சிந்தினால் பளபளப்பு போய்விடும். கக்கூஸ் ஆசிட்டைக் குழாயில் போட்டால் குரோமியப் பூச்சு உரியும். எந்த அமிலத்தையும், எலுமிச்சை உப்பானாலும், பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. வாஷிங் மெஷினில் துணி இல்லாமல், சோப்புத் தூள் இல்லாமல், 100 கிராம் எலுமிச்சை உப்பு போட்டு 60 டிகிரியில் ஒரு சுற்று ஓட்டுங்கள். தண்ணீர் உள்ளே வரும் இடத்து வலையையும் கழற்றிக் கழுவுங்கள்.

லைனைப் பிரித்த முதல் சில வாரங்களில், பைப்புக்குள் ஒட்டியிருந்த பழைய படிவு செதில் செதிலாகக் கழன்று குழாய் முனை வலையை அடைக்கக்கூடும். பயப்படாமல் கழற்றித் தட்டிவிடுங்கள்.

பயறு வேகாததற்கும் சாயாவின் ஆடைக்கும் தனி மருந்து வேண்டாம். பஞ்சாயத்துத் தண்ணீரில் ஊறவைத்து, அதிலேயே வேகவைத்தால் சரியாகிவிடும். பயறின் தோலிலும் உள்ளும் உள்ள பெக்டினைச் சுண்ணாம்பு இறுக்கிப் பிடிப்பதால்தான் அது வேகாமல் நிற்கிறது. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: தண்ணீரின் கடினத்தன்மையால் உடலுக்குக் கேடு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதற்கென்று உடல்நல வரம்பு எதையும் அது வைக்கவில்லை. கிட்னிக் கல்லுக்குப் பெரிய காரணம் தண்ணீர் குறைவாகக் குடிப்பது. உப்புக் கரிக்கிறதென்று வீட்டில் யாரும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருந்தால் அதுதான் கவலைக்குரியது. ஏற்கெனவே கல் வந்தவர்களும் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் இந்த ரிப்போர்ட்டை அவர்களுடைய டாக்டரிடம் காட்டட்டும்.

இனி குலசேகரம். மலையடிவாரத்துச் செம்மண்ணிலும் துருக்கல்லிலும் (லேட்டரைட்) உள்ள சுண்ணாம்பையெல்லாம் காலங்காலமாகப் பெய்த மழை அரித்துக்கொண்டு போய்விட்டது. அந்த மண் வழியே ஊறி வரும் கிணற்றுத் தண்ணீரில் கடினத்தன்மை மிகக் குறைவு. கரியமிலவாயு கரைந்திருப்பதால் லேசான புளிப்புத்தன்மை இருக்கும். படிவு கட்டாத அந்தத் தண்ணீர் உலோகத்தை அரிக்கும். ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சைத் தின்று ஓட்டை போடுகிறது. பித்தளைக் குழாயிலும் கீசரின் செம்புப் பாகங்களிலும் இருந்து செம்பைக் கரைத்து வந்து பேசினில் பச்சை நீலமாக விடுகிறது. அங்கே சாஃப்ட்னர் போட்டால் எடுப்பதற்கே ஒன்றும் இருக்காது, அரிப்பு அப்படியே தொடரும். ஆர்ஓ போட்டால் அந்தத் தண்ணீரின் புளிப்பு இன்னும் கூடும்.

அண்ணன் முதலில் செய்ய வேண்டியது கிணற்றடியிலேயே பிஹெச் பார்ப்பது. பாட்டிலில் பிடித்து மறுநாள் லேபுக்குக் கொண்டுபோனால் வாயு வெளியேறி, எண் உள்ளதைவிட நல்லதாகத் தெரியும். பிஹெச் காகிதம் மருந்து, ரசாயனக் கடைகளில் கிடைக்கும். 6.5-க்குக் கீழ் வந்தால் ஜிஐ பைப்பை மாற்றி பிவிசியும் சிபிவிசியும் போடுவதுதான் நிரந்தரத் தீர்வு. மாடி டேங்கில் தண்ணீர் விழும் இடத்தில் ஷவர் தலை ஒன்றை மாட்டிச் சிதறி விழவிட்டால் வாயு கொஞ்சம் போய் பிஹெச் சற்று ஏறும். அதுவும் போதாவிட்டால் கால்சைட் என்ற சுண்ணாம்புக்கல் துகள் நிரப்பிய பில்டர் வழியாக மெதுவாக விடலாம்; கல் கரைந்துகொண்டே வரும் என்பதால் அவ்வப்போது துகளை நிரப்ப வேண்டும். அதனால் தண்ணீரில் கொஞ்சம் கடினத்தன்மை கூடும். அந்த வீட்டுக்கு அது நல்லதுதான். கிணற்றில் நீற்றுச் சுண்ணாம்பைக் கைவாக்கில் அள்ளிக் கொட்டுவது வேண்டாம். அளவு தவறினால் பிஹெச் 9, 10 என்று ஏறிவிடும்.

அதுவரை காலையில் முதலில் வரும் தண்ணீரை ஒன்றிரண்டு நிமிடம் வாளியில் பிடித்துக் கழுவ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரவு முழுவதும் பைப்பில் நின்ற தண்ணீரில்தான் உலோகம் அதிகம் கரைந்திருக்கும். செம்புக் குடத்தில் இரவெல்லாம் வைத்துக் குடிக்கும் பழக்கம் அந்த வீட்டில் இருந்தால், பிஹெச் சரியாகும்வரை எவர்சில்வர் பானைக்கு மாறச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்கு ஒரு சின்னப் பேனா வாங்கி வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒரு முறை போர் தண்ணீரை அளந்து காலண்டரில் குறியுங்கள். மார்ச் முதல் மே வரை எண் ஏறிக்கொண்டே போனால் இறைப்பதைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். மே மாதத்தில் ஒரு முறையும், மழை முடிந்த டிசம்பரில் ஒரு முறையும் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து முழுச் சோதனை செய்யுங்கள். அதே தண்ணீரால் மூன்று முறை அலசிய ஒரு லிட்டர் பாட்டிலில் நிரம்பப் பிடித்துக் கொடுத்தால் போதும். கிருமிச் சோதனைக்கு மட்டும் ஆய்வகமே தரும் பாட்டிலில் பிடித்து, ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்ப்பியுங்கள்.